அடுப்பு கொடுத்தாச்சு, அப்புறம்?

ஆசிரியருக்கு,

வெளிநாட்டு நிதியில் நடக்கும் சுற்றுச்சூழல் திட்டங்களின் அறிக்கையைப் பார்த்தால் நட்ட கன்று இத்தனை, கொடுத்த அடுப்பு இத்தனை என்றுதான் இருக்கிறது. நாலு வருஷம் கழித்து யாராவது போய்ப் பார்க்கிறார்களா? ஒடிசாவில் பார்த்தார்கள். 2019-இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும், புகை குறைக்கும் அடுப்பு கட்டிக்கொடுத்த வீடுகளை நான்கு ஆண்டுகள் வரை கவனித்ததில், முதல் வருடம் மூச்சில் போகும் புகை குறைந்தது, அப்புறம் அந்தப் பலனும் போய்விட்டது; பராமரிப்பு சரியில்லை, பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிந்தது. இத்தனைக்கும் ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த அடுப்பு!

எங்கள் தெருவில் நட்ட கன்றுக்கும் இப்போது கூண்டு மட்டும்தான் மிச்சம், அதில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். கணக்கில் அதுவும் ஒரு மரம்தானே?

வாசகி, பெரம்பூர், சென்னை