முதல் கன்டெய்னர் ஏறும் முன்பே சொல்லுங்கள்

ஏற்றுமதிக்கு வழிகாட்டும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பொள்ளாச்சியில் நீங்கள் நடத்திய பயிற்சி முகாமுக்கு நானும் வந்திருந்தேன். துருக்கியில் நம் தேங்காய் நார்த்தூளுக்கு நல்ல சந்தை இருக்கிறது என்றீர்கள். உண்மைதான். அந்தல்யா பக்கத்துப் பசுமைக்குடில்களில் மண்ணே இல்லாமல் நார்த்தூளில் காய்கறி விளைவிக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆனைமலைப் பையன் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். அவன் முதலில் எழுதியிருக்க வேண்டிய வரியை மட்டும் மேடையில் யாரும் சொல்லவில்லை.

துருக்கியின் சுங்க விதி உங்களுக்குத் தெரியாததல்ல. துறைமுகத்தில் இறங்கிய சரக்கை, வாங்குபவராகப் பெயர் போட்டவர் எழுத்துமூலம் சம்மதம் தராமல் வேறொருவருக்கு மாற்றிவிட முடியாது. அந்தச் சம்மதம் இல்லாமல் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. சுங்கத்துறையின் கெடு தாண்டினால் சரக்கு ஏலத்துக்குப் போய்விடும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2024இல். அந்த ஜனவரியில் தூத்துக்குடியிலிருந்து துருக்கியின் மெர்சின் துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் அனுப்பினேன். ஐந்து கிலோ கட்டிகள், 25 டன். உப்புப் போக அலசி, களத்தில் பரப்பி, பெண்கள் வெயிலில் நின்று கிளறிக் கிளறிக் காயவைத்த தூள். இருபது சதவீதம் முன்பணம், மீதி ஆவணங்கள் வங்கிக்குப் போனதும் என்று பேச்சு. செங்கடலில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த நேரம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அதன்பின் வாங்குபவர் போனை எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு செய்தி வந்தது: பாதி விலை என்றால் எடுத்துக்கொள்கிறேன்.

அப்போதும் நான் பயப்படவில்லை. அவர் பணம் கட்டாததால் வங்கி திருப்பி அனுப்பிய பில் ஆஃப் லேடிங் (சரக்கின் உரிமையைக் காட்டும் கப்பல் ரசீது) மூலப்பிரதிகள் மூன்றும் என் பீரோவில் இருந்தன. அலைந்து திரிந்து அங்கேயே வேறொருவரைப் பிடித்தேன். முழு விலைக்குச் சம்மதித்தார். கப்பல் ஏஜெண்டிடம் சொன்னபோதுதான், முதல் ஆளின் கடிதம் வேண்டும் என்றார். சரக்கு என்னுடையது, தாள் என் கையில், அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. துறைமுகத்தில் சரக்கு தேங்கியதற்கான டெமரேஜ் கட்டணம் நாள்தோறும் ஏறியது. கடைசியில் அந்த முதல் ஆளுக்கே பாதி விலைக்குக் கொடுத்தேன். அந்தத் தீபாவளிக்குக் களத்துப் பெண்களுக்குப் போனஸ் தர முடியவில்லை. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

துருக்கிக்காரர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. கோன்யாவில் ஒருவர் நான்கு ஆண்டுகளாகச் சொன்ன தேதியில் பணம் அனுப்புகிறார். ஆனால் அவர்கள் பணமான லிராவின் மதிப்பு சரிந்துகொண்டே போனது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏழரை லிரா அளவில் இருந்தது, 2023 முடிவில் 29ஐத் தாண்டிவிட்டது. ஆர்டர் போட்ட நாளின் லிரா வேறு, சரக்கு சேரும் நாளின் லிரா வேறு. நல்ல வியாபாரிக்கும் கை நடுங்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு இந்த விதி தெரியாமல் ஒருவரை அனுப்பலாமா?

சரக்கு மாட்டிக்கொண்ட பிறகு உதவி கேட்டு எத்தனையோ அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். "முன்பே விசாரித்திருக்க வேண்டும்" என்ற பதில்தான் கிடைத்தது. விசாரிக்கத்தானே ஐயா முகாம்களுக்கு வருகிறோம்? வேலையை விட்டுவிட்டு, தேங்காய் நார் எடுக்கும் மஞ்சி மில்லைப் பூட்டிவிட்டு வருகிறோம். சந்தை எவ்வளவு பெரியது என்று ஒரு மணி நேரம் சொல்கிறீர்கள். பணம் எங்கே மாட்டும் என்பதற்கு ஐந்து நிமிடம் கிடையாது. விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில். மில் நடத்துபவர்களில் பாதிப்பேர் தமிழ் மட்டும் படித்தவர்கள்.

கோபத்தில் எழுதியது போல் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒரு பக்கத் தாள், தமிழில். இந்த விதி என்ன, முழு முன்பணமோ எல்.சி.யோ (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உத்தரவாதக் கடிதம்) இல்லாமல் துருக்கிக்கு ஏன் சரக்கு ஏற்றக் கூடாது, வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டை எப்போது எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். முகாமுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுங்கள். முதல் கன்டெய்னர் ஏறும் முன்பே கொடுங்கள்.

அடுத்த முகாமில் பேச ஐந்து நிமிடம் தந்தால், அந்த மூன்று மூலப்பிரதிகளின் நகலையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். ஆனைமலைப் பையன் அடுத்த மாதம் முதல் லோடு அனுப்பப்போவதாகச் சொன்னான். தயவுசெய்து அதற்குள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு நார்த்தூள் ஏற்றுமதியாளர்