கொல்லையில் நிற்கும் ஆப்ரிகாட் மரம்

அன்புள்ள கயல்,

போன ஞாயிறு போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "குப்பர்டினோ ஒரு ஊரா அப்பா? ஒரு ஆப்பிள் கம்பெனி, நாலு ஸ்கூல், நடுவுல பார்க்கிங் லாட்." நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், நானும் சிரித்தேன். அப்புறம் அம்மா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மின்னியாபொலிஸ் பனியில் ஏன் கஷ்டப்பட வேண்டும், இந்தப் பக்கமே வந்துவிடுங்களேன் என்றாள். "வந்து எங்கம்மா இருக்கறது? ஒரு டீச்சரும் ஒரு நர்சும் குப்பர்டினோல வாடகைகூடக் கொடுக்க முடியாது" என்றாய். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். வாட்ஸாப்பில் அடங்காது. தமிழில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அது எதற்காவது உதவட்டும்.

ரிட்டயர் ஆனதிலிருந்து காலையில் காரை டி ஆன்சா கல்லூரியில் போட்டுவிட்டு நடக்கிறேன். கல்லூரிக்குள் வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய மாளிகை ஒன்று நிற்குமே, நினைவிருக்கிறதா? 1895ல் ஒரு பணக்காரர் தன் திராட்சைத் தோட்டத்தின் நடுவே கட்டியது. இப்போது கலிஃபோர்னியா வரலாற்று மையம் அதில்தான் இருக்கிறது. ஒரு நாள் சும்மா உள்ளே போனேன். அப்புறம் பல நாள் போனேன். 30 வருஷமாகக் குடியிருக்கும் ஊரைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் பெயர். 1776 மார்ச்சில் டி ஆன்சா என்ற ஸ்பானியத் தளபதி ஆட்களோடு இந்தப் பக்கம் வந்து தங்கினார். கூட வந்த பாதிரியார் பெட்ரோ ஃபோன்ட், இங்கே ஓடிய ஓடைக்குக் குப்பர்டினோ புனித ஜோசப்பின் பெயரை வைத்தார். அந்த ஜோசப் யார் என்று தேடியபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர், படிப்பு சுத்தமாக ஏறாது. பரீட்சையில் அவருக்குத் தெரிந்த ஒரே பகுதியைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட, தேறிவிட்டாராம். அதனால் பரீட்சை எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் காவல் தெய்வம். நீ எஸ்ஏடி எழுதப் போன அன்று உன் பாட்டி திருச்சி உச்சிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். உள்ளூரிலேயே ஓர் ஆள் இருந்திருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை.

ஓடைக்கு வைத்த பெயர் ஊருக்கு வர வெகுகாலம் ஆயிற்று. ஊருக்கு 'வெஸ்ட் சைடு' என்றுதான் பெயர். ஊர் என்றால் என்ன, இரண்டு மண் ரோடு குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம், கடை ஒன்று, கொல்லுப்பட்டறை ஒன்று. ஸ்டீவன்ஸ் கிரீக்கும் டி ஆன்சா புலிவார்டும் சந்திக்கிற சிக்னலில் நீ டிரைவிங் பழகும்போது இரண்டு முறை இஞ்சினை அணைத்தாயே, அதே இடம்தான். டாயில் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ வக்கீல் தன் திராட்சைத் தோட்டத்துக்குக் குப்பர்டினோ என்று பெயர் வைத்திருந்தார். 1904ல் ஊரும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஆக, ஒரு சாராயத் தோட்டத்தின் பெயர்தான் இப்போது ஐபோன்காரர்களின் ஊர் என்று உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

திராட்சை வேரைப் பூச்சி தின்ற பிறகு பழத்தோட்டங்கள் வந்தன. பிளம், செர்ரி, ஆப்ரிகாட். பிளம்மைக் காயப்போட்டு ப்ரூன் ஆக்கி உலகத்துக்கே அனுப்பினார்கள். நம் பக்கத்து வீட்டுப் பாட்டியை உனக்கு நன்றாக நினைவிருக்கும், ஹாலோவீனுக்கு மிட்டாய்க்குப் பதில் உலர்ந்த ஆப்ரிகாட் கொடுத்து உன்னை அழ வைப்பார். அவர் சின்ன வயதில் கோடை விடுமுறையில் பழம் அரிந்திருக்கிறார். மர மேசை, சின்னக் கத்தி. பழத்தின் மடிப்பில் சுற்றி ஒரு வெட்டு, திருகினால் இரண்டு பாதி, கொட்டை ஒரு டப்பாவில், பாதிகள் குழி மேலே பார்க்கத் தட்டில். தட்டு நிறைந்ததும் கந்தகப் புகை போடும் கொட்டகைக்குப் போகும், அப்புறம் வெயிலுக்கு. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. சாறு பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் எரியுமாம். அவர் கையை நீட்டி அந்த வெட்டைக் காட்டியது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. 80 வயதைத் தாண்டியும் விரல்களுக்கு வேகம் மறக்கவில்லை.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்த ஜப்பானியர்கள் கதையையும் சொல்ல வேண்டும். 1913 சட்டப்படி அவர்கள் பெயரில் நிலம் வாங்க முடியாது. 1942ல் இந்தப் பள்ளத்தாக்கின் ஜப்பானியக் குடும்பங்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள், நிறையப் பேர் வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுண்டனுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இன்றைக்கு ஊரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆசியர்கள். நாமெல்லாம் கையெழுத்துப் போட்டு மனை வாங்குவது எவ்வளவு புதிய பழக்கம் என்று பார்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாள்கணக்கில் படித்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். இங்கே வந்த ஒவ்வொருவரும், தனக்குப் பின்னால் வருகிறவனைப் பார்த்துக் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று புலம்பியிருக்கிறார்கள்.

ஆரம்பமே அப்படித்தான். எலைஷா ஸ்டீஃபன்ஸ் என்ற கொல்லர் 1844ல் சியரா மலையைத் தாண்டி முதல் வண்டிக் கூட்டத்தை ஓர் உயிர்கூடப் போகாமல் கொண்டுவந்து சேர்த்தவர். ஓடைக்கரையில் குடியேறினார். பின்னாளில் அக்கம்பக்கம் நெருங்கிவிட்டது என்று சொல்லி, தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் போய்விட்டாராம். ஓடைக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான், அதையும் தப்பாக எழுதி 'ஸ்டீவன்ஸ்' ஆக்கிவிட்டார்கள். ஆள் போனதும் எழுத்துப்பிழையாவது மிஞ்சியது.

அடுத்து 1950கள். போர் முடிந்து வந்தவர்களுக்கு வீடு வேண்டும். தோட்டக்காரனுக்கு வரி, பழம் தருகிற வருமானத்தைப் பார்த்துப் போடவில்லை. வீடு கட்டினால் நிலம் என்ன விலை போகுமோ அதைப் பார்த்துப் போட்டார்கள். எத்தனை வருஷம் தாங்குவான்? விற்றான். அதற்கு மேல் பக்கத்து நகரம் சான் ஹோசே வேறு. அங்கே நகர நிர்வாகியாக இருந்த டச் ஹாமன், சாலையோரமாக நாக்கை நீட்டுவதுபோல் நீட்டி நீட்டி அக்கம்பக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போனார். 17 சதுர மைல் நகரம் 20 வருஷத்தில் 130 சதுர மைலைத் தாண்டியது. விழுங்கிவிடுவார்கள் என்று பயந்த இந்தக் கிராமத்தார், நாமே தனி நகரமாகிவிடுவோம் என்று ஓட்டுப் போட்டார்கள். 1955 அக்டோபர் 10ல் குப்பர்டினோ கவுன்ட்டியின் (நம் ஊர் ஜில்லா மாதிரி) 13ஆவது நகரம் ஆனது. 1960 கணக்கெடுப்பில் 3,664 பேர். 2020ல் 60,381.

யோசித்துப் பார், கயல். இந்த ஊர் நகரமானதே 'வேண்டாம்' என்று சொல்வதற்காகத்தான்.

நகரமானால் மட்டும் போதாது, காசு வேண்டுமே. சில தோட்டக்காரக் குடும்பங்களும் வேரியன் நிறுவனமும் நிலங்களைச் சேர்த்து ஒரு தொழிற்பேட்டை போட்டார்கள். வேரியன் அசோசியேட்ஸ், லெனர்டு, லெஸ்டர், கிராஃப்ட், ஒர்லாண்டோ என்ற பெயர்களின் முதலெழுத்துகள்தான் வால்கோ. நீ ஐஸ் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டு முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட அதே வால்கோ. மால் 1976ல் திறந்தது. 1978ல் கலிஃபோர்னியா மக்கள் சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு எந்த நகரத்துக்கும் வீடு என்றால் செலவு, கடையும் அலுவலகமும் என்றால் வரவு. ஒரு ஊர் ஆயிரக்கணக்கில் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் படுக்க இடம் கட்டாமல் இருப்பதற்குக் காரணம் தேடினால் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆப்பிள் கதை உனக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977ல் ஸ்டீவன்ஸ் கிரீக்கில் ஒரு சின்ன ஆபீஸில் வந்து உட்கார்ந்தார்கள். 2011 ஜூன் 7ல் ஸ்டீவ் ஜாப்ஸ் உடல் மெலிந்து நகர மன்றத்துக்கு நேரில் வந்து புதிய வளாகத்துக்கு அனுமதி கேட்டார். அதை வீடியோவில் பார்த்தேன். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஆப்ரிகாட் தோட்டம் என்று அவரே சொல்கிறார். அதற்கு நாலு மாதத்தில் போய்விட்டார். இப்போது அந்த வட்டக் கட்டடத்தைச் சுற்றி ஆப்ரிகாட் மரங்களைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நிற்கிற நம்மால் ஒரு பழம் பறிக்க முடியாது, அது வேறு விஷயம்.

இனி நம் கதை. நாம் வீடு வாங்கியபோது உனக்கு மூன்று வயது. ரேஞ்சோ ரின்கனாடாவில் 1950களில் கட்டிய சின்ன வீடு. 1999 வரை நம் தெரு குப்பர்டினோவிலேயே சேரவில்லை, கவுன்ட்டி நிலம். தபாலில் மட்டும் குப்பர்டினோ. பள்ளிக்கூடத்துக்காகத்தான் வாங்கினோம், ஒளிக்க என்ன இருக்கிறது? மாதத் தவணை கட்டிவிட்டு அம்மா வீட்டில் பால் கணக்குப் பார்ப்பாள்.

அப்புறம் நானும் பழைய ஆள் ஆகிவிட்டேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வால்கோ மால் படுத்துவிட்டது, இடித்துவிட்டு வீடும் கடையும் அலுவலகமும் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, நான் ஒரு கூட்டத்தில் எழுந்து மைக் முன்னால் போய்ப் பேசினேன். மூன்று நிமிடம். டிராஃபிக் என்றேன், பள்ளிகளில் இடம் போதாது என்றேன், ஊரின் தன்மை கெட்டுவிடும் என்றேன். திருச்சியிலிருந்து வந்தவன், ஊரின் தன்மையைப் பற்றி! எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கும் ரொம்பப் பெருமையாக இருந்தது. வாசலில் 'வேண்டாம்' போர்டும் நட்டேன். 2016 நவம்பரில் இரண்டு தீர்மானங்கள் ஓட்டுக்கு வந்தன. ஒன்று அங்கே கட்டுவதற்குக் கடிவாளம் போட, மற்றது கட்டுவதற்கு வழிவிட. ஊர் இரண்டையும் தோற்கடித்தது. கடைசியில் மாநிலச் சட்டத்தின் கீழ் 2018ல் 2,402 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. பழைய மால் கட்டடத்தை இடித்தார்கள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வேலிக்குள் மண்மேடுதான்.

பள்ளியில் இடம் போதாது என்றேன் அல்லவா? 2022ல் பள்ளி மாவட்டம் ஆரம்பப் பள்ளிகளை மூடியது. காரணம், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். பிள்ளை பெறுகிற வயதில் இருப்பவர்களுக்கு இங்கே வீடு வாங்க வழியில்லை. போன மாதம் நம் தெருவில், நம்முடையதைப் போலவே ஒழுகுகிற கூரையுள்ள ஒரு வீடு 30 லட்சம் டாலரைத் தொட்டது. நீ "எங்கம்மா இருக்கறது" என்று கேட்டபோது நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று இப்போது புரிகிறதா?

அதனால் நேற்று டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இப்போது மாநிலச் சட்டப்படி பின்பக்கம் ஒரு தனி வீடு கட்டிக்கொள்ளலாம். பக்கத்திலும் பின்னாலும் வேலியிலிருந்து 4 அடி விட்டால் போதும், 800 சதுர அடி வரைக்கும் தடுக்க மாட்டார்கள். பணம் வீட்டின் பேரில் கிடைக்கும், விசாரித்துவிட்டேன். வாடகை பற்றி நீ பேசக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை.

சிக்கல் அந்த ஆப்ரிகாட் மரம்தான். தோட்டத்தை மனை போட்டபோது கட்டியவர்கள் வீட்டுக்கு ஒரு மரம் விட்டுவைத்தார்களாம், பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அந்தத் தெருவில் மிஞ்சியது நம்முடையது ஒன்றுதான். ஒரு பக்கக் கிளை பட்டுவிட்டது, ஆனாலும் இந்த ஜூனில் இரண்டு வாளி காய்த்தது. அம்மா வெல்லமும் மிளகாய்த்தூளும் போட்டுத் தொக்குக் கிளறியிருக்கிறாள், ஒரு பாட்டில் பார்சலில் வருகிறது, தயிர் சாதத்துக்கு நன்றாக இருக்கிறது.

அளந்ததில் வந்த கணக்கு இதுதான். மரத்தை விட்டுவிட்டுக் கட்டினால் 500 சதுர அடி, ஒரு படுக்கையறை. வெட்டினால் முழு 800, இரண்டு படுக்கையறை, குழந்தைக்குத் தனி அறை. அம்மா வெட்டக் கூடாது என்கிறாள். எனக்கு இரண்டு மனசாக இருக்கிறது. வீட்டுப் பிளான் வரைகிறவர் அடுத்த வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் நீயும் மாப்பிள்ளையும் பேசி எது என்று சொல்லுங்கள்.

குழந்தைக்கு முத்தம்.

அப்பா