இசை கேட்போர் வட்டம்: 2024–25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பாயில் இடமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் புதியவர்களுக்கும் வணக்கம்.

போன ஏப்ரலில் இருந்து இந்த மார்ச் வரை 11 முறை கூடினோம். ஒரு மாதம் மழையில் போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் "இதில் எதைத்தான் வாங்குவது?" என்று என்னைப் பிடித்துக் கேட்டவர்கள் பலர். எனவே இந்த அறிக்கையில் பாதி சிபாரிசாகவே இருக்கும்.

நம் விதி தெரிந்ததுதான். ஒரு ஆல்பம், முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் நிறுத்தாமல். இந்த விதிக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே சோதனை வந்தது. சிண்டி லீ என்ற பெயரில் பாடும் கனடாக்காரர் பேட்ரிக் ஃப்ளெகல், 2024 மார்ச் கடைசியில் 'டைமண்ட் ஜூபிலி'யை வெளியிட்டார். 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஸ்பாட்டிஃபையில் வெளியிடவில்லை. யூடியூபில் ஒரே நீளமான பதிவாகவும், ஜியோசிட்டீஸ் என்ற பழைய இலவச இணையப்பக்கச் சேவையின் பாணிப் பக்கம் ஒன்றில் இறக்கிக்கொள்ளவும் வைத்தார். விருப்பமிருந்தால் 30 கனடிய டாலர் அனுப்பலாம் என்றிருந்தார், அவ்வளவுதான். அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டு ஏதோ தூரத்து ரேடியோவில் பாதி அலைவரிசை தவறிக் கேட்பது போன்ற கிடார் இசை. முதல் அரை மணி நேரத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். எட்டரை மணிக்குக் கரண்டும் போயிற்று. திரும்ப வந்ததும் விட்ட இடத்தில் இருந்து போடலாமா, முதலில் இருந்தா என்று ஒரு வாக்குவாதம். விட்ட இடத்தில் இருந்தே போட்டோம். விதிமீறல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த ஆண்டில் நான் அதிகம் திரும்பக் கேட்டது அதைத்தான்.

ராக்கில் அடுத்தது டப்ளின் குழுவான ஃபாண்டெய்ன்ஸ் டி.சி.யின் நான்காவது ஆல்பம், 'ரொமான்ஸ்'. அதில் 'ஸ்டார்பர்ஸ்டர்' என்ற பாட்டு, பாடகர் லண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் ரயில் நிலையத்தில் பதற்றத்தில் மூச்சுத் திணறிய அனுபவத்தில் பிறந்தது. பாட்டின் நடுநடுவே மூச்சை வெடுக்கென்று இழுக்கும் சத்தம் வரும். கூட்டம் நடந்த வீட்டு அம்மா சமையற்கட்டில் இருந்து கரண்டியோடு ஓடி வந்து, "யாருக்குப்பா இழுப்பு?" என்று கேட்டார். பாட்டு சரியாக வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

டெல்லியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி என்ற இசைக்குழு ஆகஸ்டில் 'பீட்டா' வெளியிட்டது. 2019-இல் வந்த 'பிஸ்மில்லா'வை நாம் முன்பே கொண்டாடியவர்கள் என்பதால் எதிர்பார்ப்பு கூடுதல். நல்ல ஆல்பம். எனக்கு 'பிஸ்மில்லா'தான் இன்னும் ஒரு படி மேல். தலைவர் இதை ஏற்கமாட்டார்.

எலெக்ட்ரானிக் பக்கம் வருவோம். ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்கிற சாம் ஷெப்பர்ட், நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய மான்செஸ்டர்காரர். 2021-இல் சாக்ஸபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸோடும் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடும் சேர்ந்து 'ப்ராமிசஸ்' செய்தவர். அந்த 46 நிமிட ஆல்பத்தின் பெரும்பகுதியிலும் ஒரே சின்ன சுரக்கோவை திரும்பத் திரும்ப வரும். அந்த அமைதியை எதிர்பார்த்து அவருடைய 2024 ஆல்பமான 'காஸ்கேட்' கேட்க வந்தவர்களுக்கு அதிர்ச்சி. இது முழுக்க நடனத்தளத்துக்கான இசை. அதில் 'பர்த்4000' என்ற பாட்டு ஓடும்போது அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் தாளம் தவறாமல் அதிர்ந்தன. மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "ஒண்ணுமில்லையே" என்று சொன்ன இரு உறுப்பினர்கள் அன்று வாயைத் திறக்கவில்லை.

ஹார்ப் வாசிக்கும் நாலா சினெஃப்ரோவின் 'எண்ட்லெஸ்னெஸ்' ஆல்பம் பற்றி நான் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். செப்டம்பரில் வார்ப் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பகுதிகள், எல்லாவற்றுக்கும் 'கண்டினுவம்' என்றே பெயர், எண் மட்டும் மாறும். ஹார்ப், சிந்தசைசர், சாக்ஸபோன். அடியில் ஒரே ஆர்பெஜியோ, அதாவது சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது. நம் தம்பூரா போல ஒரே சுருதியில் நிற்காமல், ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "லிஃப்டில் போடுகிற இசை, வேண்டாம்" என்று குழுவில் எழுதியவன் நான்தான். விளக்கை அணைத்து முழுசாகக் கேட்டபின் நாலாம் பகுதி வருவதற்குள் என் கட்சி தோற்றுப் போயிற்று.

வாங்குவது பற்றி. கேட்கும் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் வட்டத்தின் பெயரில் ஒரு பிரதியாவது காசு கொடுத்து வாங்குவது என்று போன பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இசைக்கலைஞர்கள் கேட்பவர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கும் நாட்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கும். 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது தொடங்கிய ஏற்பாடு. அதற்காகக் காத்திருந்து வாங்கினோம். முதல் வெள்ளி மட்டும் வீணாயிற்று. பொருளாளரின் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருந்தது. அதைத் திறப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

ஒரு குறை. இடதுபக்க ஸ்பீக்கரைப் பழுது பார்க்கக் கொடுத்தோம். கடைக்காரர் இரண்டு மாதம் "நாளைக்கு வாங்க சார்" என்றார். ஸ்பீக்கர் திரும்பி வந்தபோது ஒயர் பிளஸ் மைனஸ் மாறி மாட்டியிருந்தது. பேஸ் எனும் கனமான கீழ்ச்சத்தம் மொத்தமும் காணாமல் போய், மூன்று கூட்டம் அப்படியே கேட்டிருக்கிறோம். அந்த மூன்று ஆல்பங்களையும் பற்றி அன்று சொன்ன கருத்துகளை உறுப்பினர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவற்றை வரும் மாதங்களில் மறுபடி போடச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

வீடு கொடுத்தவர்களுக்கும், சுண்டல் செய்தவர்களுக்கும், பத்து மணிவரை பொறுத்த மாடிவீட்டுக்காரருக்கும் நன்றி. 'பிஸ்மில்லா' சிடியை இரவல் எடுத்தவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தந்துவிடவும். யார் என்று எனக்குத் தெரியும்.