வேலூர் பூனை வளர்ப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், கொசப்பேட்டை என்று நாலா பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருப் பூனைகளுக்குக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, குட்டிகளைத் தத்துக் கொடுப்பது ஆகிய வேலைகள் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்த அறிக்கையில் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்ததும் அழவைத்ததும் ஃபெலைன் லுக்கீமியா வைரஸ்தான்.

லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்று என்ற பெயரைக் கேட்டதுமே பலருக்குக் கை கால் ஓடுவதில்லை. இது 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டறிந்த வைரஸ். சில பூனைகளுக்கு ரத்தப் புற்றும் நிணநீர்க் கட்டியும் வருவது உண்மை. ஆனால் அதைவிட அதிகமாக, ரத்தசோகையிலும் எதிர்ப்புச் சக்தி குறைந்து வருகிற சின்னச் சின்ன நோய்களிலும்தான் இது பூனையைச் சாய்க்கிறது. முக்கியமாக எச்சில் வழியாகப் பரவுகிறது. ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கடிப்பது, தாயிடமிருந்து குட்டிக்கு என்று வழிகள் பல. மனிதருக்கு வராது, நாய்க்கும் வராது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, வயதான அம்மா இருக்கிறார் என்று பயந்து பூனையை வெளியே விட்டவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குத் துளியும் அவசியமில்லை.

இதையும், பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இன்னொரு வைரஸான எஃப்.ஐ.வி.யையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஃப்.ஐ.வி. பெரும்பாலும் ஆழமான கடியில் பரவுவது, சண்டைக்காரக் கடுவன்களிடம் அதிகம். கருத்தடை செய்து வீட்டோடு வைத்தால் அந்தப் பூனைகளில் பல மற்ற பூனைகளைப் போலவே ஆயுசோடு இருக்கின்றன.

விருபாட்சிபுரத்தில் ஓர் அக்கா மணி என்ற கடுவனை வளர்க்கிறார். லுக்கீமியா டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்று வந்ததும், போன இடத்தில் "ஊசி போட்டு முடித்துவிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். கூடையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இத எங்க கொண்டுபோய் விடறது?" என்று கேட்டபோது அவருக்குக் குரலே எழும்பவில்லை. "எங்கயும் விட வேணாம்க்கா, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். நன்றாக இருக்கும் பூனைக்குப் பாசிட்டிவ் வந்தால் ஒரே டெஸ்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, மறுபடி பார்க்க வேண்டும். பார்த்தோம், பாசிட்டிவ்தான். சரி, அடுத்தது என்ன என்று உட்கார்ந்து பேசினோம். மாடி அறை மணிக்கு என்று ஆனது. ஜன்னலுக்கு நைலான் வலை, தனி மணல் தட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்த தனிச் சாப்பாட்டுத் தட்டு. கீழே இருக்கும் இரண்டு பூனைகளுக்கும் டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது என்பதால் ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் எடுத்து உறுதி செய்துகொண்டோம்.

அக்கா தினமும் காலையில் ஒன்று செய்கிறார். மணியை மடியில் வைத்து, கட்டைவிரலால் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார். ஒருநாள் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. அன்றைக்கே மருத்துவரிடம் போனார். தெள்ளுப்பூச்சி கொண்டுவரும் ரத்தக் கிருமி ஒன்றும் சேர்ந்திருந்தது தெரிந்தது. அதற்கு மருந்து உண்டு, கொடுத்தார்கள், மணி தேறிவிட்டான். 'லுக்கீமியாதானே, இனி என்ன செய்ய' என்று விட்டிருந்தால் அந்த வாரத்தோடு போயிருப்பான். நான் இங்கே அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்: பாசிட்டிவ் பூனைக்கு வருகிற எல்லாவற்றையும் வைரஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சளி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், காய்ச்சல் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மற்ற பூனைக்கு இரண்டு நாள் பொறுக்கலாம் என்றால் இதற்கு ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது. நோயே இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை மாற்றியே ஆகவேண்டும். மீன் குழம்புச் சோறு போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் பூனைக்கு இது இன்னொரு அடி. மீன் மார்க்கெட்டில் கேட்டு வாங்கிவரும் தலையும் கழிவும் பச்சையாக வேண்டாம், எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு அந்தக் கிருமிகளைத் தாங்காது. உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். காய்ச்சல் என்றதும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. பாதி மாத்திரை போதும், பூனை செத்துவிடும். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம். அப்புறம், நம் ஊர் சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட மொட்டைமாடி அறையில் எந்தப் பூனையையும் பூட்டி வைக்காதீர்கள். தனியாக வைப்பது வேறு, வாட்டுவது வேறு.

எல்லாப் பூனையும் மணியைப் போலத் தப்பவில்லை. ஓட்டேரியில் தாயிடமிருந்தே தொற்றிய குட்டிகளை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. குட்டிகளுக்கு இது கடுமையாகத்தான் அடிக்கிறது. சில வளர்ந்த பூனைகள் வைரஸை உடம்புக்குள் அடக்கி வைத்துப் பல வருடம் இருக்கின்றன. அடக்க முடியாதவற்றில் பல, கண்டுபிடித்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் போய்விடுகின்றன. அந்த இரண்டு மூன்று வருடம் பூனையின் வாழ்நாளில் சின்ன விஷயம் இல்லை. இழந்தவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டாம், பாயை எரிக்க வேண்டாம். வெளியே இந்த வைரஸ் நெடுநேரம் தாங்காது, சாதாரண சோப்புத் தண்ணீருக்கே செத்துவிடும்.

ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பூசி செய்யும் நிலையம் இருக்கிற பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் நாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் தடுப்பூசி என்றால் கிராமத்துப் பாட்டிக்கும் புரியும். பூனைக்கு டெஸ்ட் என்றால் மட்டும் இன்னும் சிரிக்கிறார்கள். வழக்கமாகப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் லுக்கீமியா சேராது என்பது நம் உறுப்பினர்களிலேயே பலருக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. 'ஊசி போட்டாச்சே' என்ற நம்பிக்கையில் புதுப் பூனையை நேரே கூட்டத்தில் விட்டுவிடுகிறோம். சில சொட்டு ரத்தம், சில நிமிடம், முடிவு கையில் வந்துவிடும் என்கிறபோது அதை ஏன் தவிர்க்க வேண்டும்?

ஆகவே செயற்குழு சார்பில் பொதுக்குழுவின் முன் வைப்பது இவை. இனி டெஸ்ட் எடுக்காமல் எந்தப் பூனையையும் தத்துக் கொடுப்பதில்லை. புதிதாக வருவதை இரண்டாவது டெஸ்ட் முடியும்வரை ஒரு மாதமாவது தனியே வைக்க வேண்டும். பாசிட்டிவ் பூனை வேறு பூனை இல்லாத வீட்டுக்கோ, பாசிட்டிவ் பூனைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கோதான் போகும், கருத்தடை முடித்து, வெளியே விடமாட்டோம் என்ற ஒப்புதலோடு. டெஸ்ட் செலவைத் தாங்க முடியாத உறுப்பினர்களுக்குச் சங்க நிதியிலிருந்து உதவ வேண்டும். இந்தக் கடைசித் தீர்மானத்தில் சிலருக்குத் தயக்கம் இருப்பது தெரியும். செலவுக்குப் பயந்து டெஸ்ட் எடுக்காத ஒரு வீட்டிலிருந்து நாலு வீட்டுக்குப் பரவுகிறது என்பதையும் சேர்த்து யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இரவு எத்தனை மணிக்கு அழைத்தாலும் போனை எடுத்த மருத்துவர்களுக்கும், கூடையோடு ஏற்றிக்கொள்ள முகம் சுளிக்காத ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், பாசிட்டிவ் என்று தெரிந்தே பூனையை வாங்கிப்போன மூன்று குடும்பங்களுக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதன் பிறகு தீர்மானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.