பதாகையில் ஒரு திருத்தம்

மதிப்புக்குரிய பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், வணக்கம்.

பரிசளிப்பு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தமைக்கு நன்றி. மலேசியாவில் நம் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நீங்கள் கட்டியிருக்கும் பதாகையை அண்ணன் படமெடுத்து அனுப்பினார். 'கடவுள் துகளைக் கண்டுபிடித்த நம் தோட்டத்து மகள்' என்கிறது அது. அன்பால் எழுதியது என்று தெரியும். ஆயினும் அந்த வரியில் 'தோட்டத்து மகள்' மட்டுமே உண்மை. பதாகை ஊர் பார்க்கத் தொங்குவதால் திருத்தத்தையும் ஊர் பார்க்க எழுதுகிறேன்.

நீங்கள் 'கடவுள் துகள்' என்று குறிப்பிடும் ஹிக்ஸ் துகள் இருக்க வேண்டும் என்பது 1964இல் ஏட்டில் வந்த கருத்து. ஜெனீவாவுக்கு அருகில், நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை எதிரெதிரே ஓடவிட்டு மோத வைத்து, அத்தகைய துகளைக் கண்டதாக அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு கருவிகளின் குழுக்கள் 2012 ஜூலை 4 அன்று அறிவித்தன. ஒவ்வொரு குழுவின் கட்டுரையிலும் ஏறத்தாழ 3,000 பெயர்கள் இருந்தன. என் பெயர் இல்லை. நான் அப்போது பட்டப்படிப்பு மாணவி. 'கடவுள் துகள்' என்பதோ 1993இல் வந்த ஒரு புத்தகத்தின் தலைப்பு. எங்கள் துறையில் பலர் அதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள்.

நான் பிற்பாடு சி.எம்.எஸ். கருவியில் சேர்ந்து செய்துவரும் வேலை வேறு. ஹிக்ஸ் துகள் தோன்றிய கணமே சிதைந்துவிடும். ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு முறை மட்டும் இரண்டு ஒளித்துகள்களாகச் சிதையும். அவற்றின் ஆற்றலை அளக்க ஈயமும் டங்ஸ்டனும் கலந்த படிகங்கள் சுமார் 76,000 உள்ளன. கண்ணாடி போன்ற அந்தப் படிகங்கள் கதிர்வீச்சு படப்படச் சற்றே மங்கி, வந்த ஆற்றலைக் குறைத்துக் காட்டும். ஆகவே ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலும் லேசர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்துகிறோம்.

அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், நிறுவைக் கொட்டகையில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வாளிக்குள் ஒரு மிதவைக் கோலை இறக்கி, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். 'அந்தக் கோலை யார் சோதிச்சா?' என்று அம்மா ஒரு நாள் கேட்டார். பதில் வரவில்லை, கூலிதான் குறைந்தது. என் சம்பளம் அந்தக் கேள்விக்குத்தான் வருகிறது.

ஆதலால் பதாகையில் 'துகள் இயற்பியல் கருவிகளின் அளவுகளைச் சரிபார்ப்பவர்' என்று மாற்றுங்கள். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மாலையும் பொன்னாடையும் வேண்டாம். மேடையில் எனக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்துக்குப் பதிலாக, ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் காலையில் இரண்டு மணி நேரமும், சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய ஒரு வகுப்பறையும் தாருங்கள். கண்ணாடித் தொட்டிக்குள் ஆல்கஹால் ஆவியைக் குளிரவைத்தால், வானிலிருந்து வரும் துகள்கள் போன வழியெல்லாம் வெள்ளை நூல்போல் கோடு விழும். நம் உள்ளங்கை வழியாகவே அப்படி வரும் துகள்களில் ஒரு வகையான மியூவான் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று கடந்துபோகிறது என்பதைப் பிள்ளைகள் அங்கே நின்று எண்ணிப் பார்க்கலாம்.

தொட்டியையும் உலர்பனிக்கட்டியையும் கையுறைகளையும் நான் கொண்டுவருகிறேன். உலர்பனியிலிருந்து கரியமில வாயு எழும் என்பதால் கதவு சற்றுத் திறந்திருக்க வேண்டும். உடன் இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி