பாயின்ட் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

சேலம்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். ஒரு பெட்டி மல்கோவா இன்று ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், காலையில் மடிவாளாவில் வாங்கிக்கொள். காயாக இருப்பதை அரிசிக்குள் வை. வீட்டுச் சேதி எல்லாம் அம்மா போனில் சொல்லிவிடுவாள். நான் எழுத உட்கார்ந்தது, நீ அனுப்பிய நீளமான மெசேஜுக்குப் பதில் சொல்லத்தான்.

ஈஏ கம்பெனியின் எஃப்சி ஃபுட்பால் வீடியோ கேமில், வீரர் கார்டுகளைச் சேர்த்து டீம் கட்டுகிற அல்டிமேட் டீம் பகுதியில், எதிரில் வருகிறவன் எல்லாம் 95க்கு மேல் ரேட்டிங் உள்ள டீமோடு வருகிறான், எத்தனை மேட்ச் ஆடினாலும் பேக்கில் (கார்டுகள் அடங்கிய மூடிய பாக்கெட்) உருப்படியாக ஒன்றும் வரவில்லை, ஒரே ஒரு தடவை காசு கொடுத்து 12,000 பாயின்ட் வாங்கிப் பேக்கில் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன் சம்பளம், உன் இஷ்டம். ஆனால் பட்டனை அமுக்குவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடு.

நீ தோற்பதற்கு உன் விரல் பாதிக் காரணம், காலண்டர் மீதிக் காரணம். செப்டம்பரில் ஆட்டம் வெளிவரும்போது 84, 85 ரேட்டிங் இருந்தாலே நல்ல கார்டு. ஜனவரியில் டீம் ஆஃப் த இயர், ஏப்ரல் கடைசியில் இருந்து டீம் ஆஃப் த சீசன் என்று சிறப்புக் கார்டுகளை விட்டு ரேட்டிங்கைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவார்கள். தீபாவளிக்கு நீ உயிரைக் கொடுத்துச் சேர்த்த 88 கார்டுக்கு மே மாதம் பெஞ்சில்கூட இடமில்லை. கார்டுக்காக மேட்ச் மேல் மேட்ச் ஆடுகிற கிரைண்ட் அலுக்கிறது என்கிறாயே, அந்த அலுப்பு தெரியாமல் நேர்ந்ததில்லை. அதைத் தாண்டிப் போகிற வழியைத்தான் பாயின்ட் என்று விற்கிறார்கள். அல்டிமேட் டீம் 2009ல் ஃபிஃபா 09க்குள் (எஃப்சியின் பழைய பெயர் ஃபிஃபா) ஒரு கூடுதல் பகுதியாக வந்தது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஈஏ கம்பெனிக்கு அல்டிமேட் டீம்களில் இருந்து மட்டும் 162 கோடி டாலர் வந்திருக்கிறது, ஃபுட்பால், மேடன் என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் எல்லாம் சேர்த்து. மொத்த வருமானத்தில் கால்வாசிக்கும் மேல். அப்படிப்பட்ட இடத்தில் அலுப்பைக் குறைக்க எவனுக்கும் அவசரம் இருக்காது.

இன்னும் நாலு மாதத்தில் அடுத்த ஆட்டம் வந்துவிடும். அதற்குள் உன் கார்டும் வராது, மேட்ச் ஆடிச் சேர்த்த காயினும் வராது. செலவழிக்காத பாயின்ட்டை மட்டும் ஒரு தடவை மாற்றிக்கொள்ள விடுவார்கள், அதற்கும் கடைசித் தேதி உண்டு. செவ்வாய்பேட்டையில் பழைய கொலுசை எடுத்துக்கொண்டு போனால் அழுக்கு, சேதாரம் எல்லாம் கழித்தாலும் வெள்ளியின் எடைக்கு ஒரு விலை கிடைக்கும். இந்தக் கார்டுக்கு எடையே கிடையாது. அதனால் வருஷத்திலேயே பாயின்ட் வாங்குவதற்கு மோசமான மாதம் எது என்றால் இந்த மே, ஜூன்தான்.

சரி, பேக் கணக்கு. ஃபிஃபா 19ல் இருந்து ஒவ்வொரு பேக்கின் மேலும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அதை எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள். 1 சதவீதம் என்றால் 100 பேக்கில் ஒன்று நிச்சயம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பேக்கும் தனி, முந்தினதை அது நினைவில் வைப்பதில்லை. 100 பேக் திறந்தாலும் வெறுங்கையோடு நிற்கிற வாய்ப்பு 37 சதவீதம். பாதிக்குப் பாதி வாய்ப்பு வரவே 69 பேக் வேண்டும், 90 சதவீதம் வர 230. பிரீமியம் கோல்டு பேக் ஒன்று 150 பாயின்ட். ஒரு பேச்சுக்கு அந்தப் பேக்கில் நீ தேடுவது 1 சதவீதம் என்று வைத்தால், 69 பேக்குக்கு 10,350 பாயின்ட். நீ கேட்ட 12,000 பாயின்ட்டின் விலை 99.99 டாலர், முழு ஆட்டத்தின் விலையைவிட அதிகம், அதற்குக் கிடைப்பது பூவா தலையா போடுகிற வாய்ப்பைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அதிலும் இரண்டு ஏமாற்று இருக்கிறது. அந்த சதவீதம் ஒரு வகைக்கு, ஒரு ஆளுக்கு அல்ல. ‘டீம் ஆஃப் த சீசன் கார்டு ஒன்று’ என்றால் அது அந்தக் கூட்டத்தில் எவனையும் துரத்திப் பிடிக்க முடியாத, வேகமில்லாத டிஃபெண்டராகவும் இருக்கலாம். அடுத்தது, பெரிய கார்டுகளுக்கு நேரே ‘1 சதவீதத்துக்கும் குறைவு’ என்றுதான் இருக்கும். அது 0.9ஆ, 0.1ஆ என்று உனக்குச் சொல்லமாட்டார்கள். 0.1 என்றால் பாதி வாய்ப்புக்கு 693 பேக். அந்த வரியைப் பார்த்தாலே பேக்கை மூடிவிடு.

போனில் ஆடுகிற இஃபுட்பால் என்கிற இன்னொரு ஃபுட்பால் ஆட்டத்தில் சங்கதி வேறு. எபிக் என்பது அங்கே உயர்ந்த ரகக் கார்டு. எபிக் பாக்ஸ்களில் வழக்கமாக 150 பேர், அதில் 3 பேர் எபிக். ஒரு ஆளை எடுக்கிற ஸ்பின் 100 காயின், பத்தாக எடுத்தால் 900. ஒரு தடவை உனக்கு வந்த ஆள் பாக்ஸுக்குத் திரும்பப் போகமாட்டான், இதுதான் முக்கியம். அதனால் இங்கே செலவுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. பாக்ஸைக் காலி செய்தால் 13,500 காயின், அதற்கு மேல் போகவே போகாது. பத்து ஸ்பின்னில் மூன்று எபிக்கில் ஒருவர்கூட வராமல் போகிற வாய்ப்பு 81 சதவீதம். யாரோ ஒரு எபிக் போதும் என்றால் சராசரியாக 38 ஸ்பின். குறிப்பிட்ட ஒருவர்தான் வேண்டும் என்றால் பாதி வாய்ப்புக்கே 75 ஸ்பின், அதாவது 6,800 காயின். மூவரும் வேண்டும் என்றால் சராசரி 113. எல்லா பாக்ஸும் இப்படி இல்லை, சில டீல்களில் ஏற்கெனவே வந்த ஆளே மறுபடியும் வருவார். விவரம் என்கிற பகுதியைத் திறந்து, மொத்தம் எத்தனை பேர், மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணிக்கை குறைகிறதா பார். குறையாவிட்டால் அது எஃப்சி பேக் மாதிரிதான், கைவைக்காதே. லாகின் போனஸிலும் வாராந்தர ஈவென்ட்டிலும் இலவசமாக வருகிற காயினை வாரா வாரம் நூறு நூறாக இறைக்காமல் சேர்த்து வைத்து, உனக்கு மூன்று பேருமே பயன்படுகிற பாக்ஸ் வரும்போது மொத்தமாக இறக்கு. இருவர் பயன்படாவிட்டால், முழு பாக்ஸுக்கும் கொடுக்கிற காயினில் பயன்படுகிற அந்த ஒருவரின் விலை மூன்று மடங்கு.

எஃப்சிக்குத் திரும்புகிறேன். அங்கே கார்டை அதிர்ஷ்டத்தில் தேடாதே, மற்ற ஆட்டக்காரர்கள் காயினுக்கு விற்கிற மார்க்கெட்டில் வாங்கு. விற்கும்போது 5 சதவீதம் வரியாகப் போகும், அதை மறந்துவிட்டுத்தான் நிறைய பேர் லாபம் என்று நினைத்து நஷ்டப்படுகிறார்கள். 10,000 காயினுக்கு வாங்கிய கார்டை 10,500க்கு விற்றால் கையில் வருவது 9,975. 10,000க்கு மேல் விலை 250, 250ஆகத்தான் ஏறும் என்பதால் அடுத்த படி 10,750. அதில்தான் லாபம், 212 காயின். ஆகவே 10,750க்குப் போகாது என்று தோன்றுகிற கார்டை 10,000க்கு வாங்காதே.

எப்போது வாங்குவது? வியாழக்கிழமை, ரிவல்ஸ் என்கிற ஆன்லைன் போட்டியின் பரிசுப் பேக்குகளை எல்லோரும் திறக்கிற நேரத்தில் சரக்கு குவிந்து விலை இறங்கும். வெள்ளிக்கிழமை, வீக்கெண்ட் லீக் என்கிற வாரக்கடைசிப் போட்டிக்கு டீம் கட்டுகிற அவசரத்தில் ஏறும். உனக்கு விற்க வேண்டியது இருந்தால் வெள்ளி மாலை, வாங்க வேண்டியது இருந்தால் வியாழன். புதிய சரக்கு இறங்குவது இங்கிலாந்து நேரம் மாலை 6 மணி, கோடையில் நமக்கு ராத்திரி 10.30. அந்த நேரத்தில் புது எஸ்பிசி (கேட்கிற கார்டுகளைக் கொடுத்துப் பரிசு வாங்குகிற சவால்) வந்தால் 86, 87, 88 ரேட்டிங் கார்டுகளின் விலை நிமிஷத்தில் எகிறும். அந்த அரை மணி நேரத்தில் வாங்குகிறவன்தான் மற்றவனுக்கு லாபம் கொடுக்கிறவன். எஸ்பிசிக்குப் போடுவதற்கு முன் தேவைப்படும் கார்டுகளின் மார்க்கெட் விலையைக் கூட்டிப் பார். அதே காயினுக்கு அதைவிட நல்ல ஆள் மார்க்கெட்டில் கிடைத்தால் எஸ்பிசி வேண்டாம். விற்க முடியாத டூப்ளிகேட் கார்டுகளை வைக்க எஃப்சி 25ல் எஸ்பிசி ஸ்டோரேஜ் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அதைக் காலி செய், விற்கக்கூடிய கார்டைக் கடைசியாக எடு. பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் காயின் இல்லை என்று புலம்புகிறார்கள்.

காயினை வெளியில் விற்கிறவனிடம் வாங்கலாமே என்று உன் ரூம்மேட் சொன்னாள் என்று எழுதியிருந்தாய். கூடவே கூடாது. அக்கவுன்ட்டை முடக்கிவிடுவார்கள், பாஸ்வேர்டு கேட்கிறவன் அதோடு நிறுத்தவும் மாட்டான்.

உன் இரண்டாவது கேள்வி என்பிஏ 2கே பாஸ்கெட்பால் ஆட்டம் பற்றி, அதில் விசி (ஆட்டத்துக்குள் செலவழிக்கிற பணம்) வாங்கலாமா என்று. அங்கே பேக்கைவிட மோசம், சொந்தமாக ஒரு ஆளை உருவாக்கி ஆடுகிற மைகரியர்தான், ஏனென்றால் 60 ஓவராலில் (மொத்த ரேட்டிங்) இருந்து உன் ஆளை ஏற்றுவதற்கான விசி, பேக் திறப்பதற்கான விசி, சட்டைக்கும் செருப்புக்குமான விசி எல்லாம் ஒரே பர்ஸில். 2017ல் 2கே18ல் முடி வெட்டவே விசி கேட்டார்கள், கண்ணாடியில் எப்படி இருக்கும் என்றுகூட முன்னால் காட்டவில்லை. ஊரே கத்திய பிறகுதான் விலையைக் குறைத்தார்கள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாலைந்து மேட்ச் ஆடி, கிடைத்த விசியையும் எடுத்த நிமிஷத்தையும் ஒரு தாளில் எழுது. ஒரு மேட்ச்சுக்கு 1,000 விசி, 25 நிமிஷம் என்று வை. 85 ஓவராலுக்கு இன்னும் 1,90,000 விசி தேவை என்றால் 190 மேட்ச், ஏறக்குறைய 79 மணி நேரம். 2,00,000 விசி பாக்கெட் 49.99 டாலர். உன் ஒரு மணி நேர உழைப்பை அவர்கள் 63 சென்ட்டுக்கு விலை பேசுகிறார்கள். அந்த 79 மணி நேரம் உனக்கு விளையாட்டாக இருந்தால் ஆடு. வேலையாகத் தெரிந்தால் ஆடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், ஒரு டீமையே நடத்துகிற மைஎன்பிஏ பக்கம் போ, அங்கே விசியே தேவையில்லை. எஃப்சியில் கரியர் மோடும் அப்படித்தான்.

மைகரியரே வேண்டும் என்று அடம்பிடித்தால், ஆளை உருவாக்குகிற பில்டரில் ‘டெஸ்ட் பில்ட்’ என்று இருப்பதை அமுக்கி, முழுசாக ஏறிய நிலையில் உன் ஆளை ஆடிப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய். உயரத்தையோ கை நீளத்தையோ தப்பாக வைத்துவிட்டு, ஒன்றரை லட்சம் விசி போட்ட பிறகு ஷாட் டைமிங் ஒத்துவரவில்லை என்றால் திரும்பத் தரமாட்டார்கள், மறுபடியும் 60ல் இருந்து. சர்வரும் நிரந்தரமில்லை. 2கே22ன் சர்வரை 2023 டிசம்பர் 31ல் மூடிவிட்டார்கள்.

ஆட்டமே நம்மைத் தோற்கடிக்கும்படி செட் செய்திருக்கிறார்கள் என்று நீ சந்தேகப்படுகிறாய். கடைசி நிமிஷத்தில் கோல் விழுந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். கஷ்டத்தை ஆட்டத்தின் நடுவே ஏற்றி இறக்குகிற முறைக்கு ஈஏ பேட்டன்ட் வைத்திருப்பது நிஜம். அதை வைத்து 2020ல் கலிஃபோர்னியாவில் வழக்கும் போட்டார்கள். அல்டிமேட் டீமில் அதைப் பயன்படுத்தவில்லை என்று கம்பெனி சொன்னது, வழக்குப் போட்டவர்கள் 2021ல் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒளித்து வைத்துச் செய்ய வேண்டிய தேவை இல்லை என்பது என் எண்ணம், கார்டு ரேட்டிங்கே வெளிப்படையாக அந்த வேலையைச் செய்கிறது.

சட்டம் காப்பாற்றும் என்று இருக்காதே. பெல்ஜியத்தில் 2018ல் இதைச் சூதாட்டம் என்றார்கள், 2019 ஜனவரி கடைசியோடு அங்கே பாயின்ட் விற்பனை நின்றது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டு, 2022ல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே வருஷம் பிரிட்டன் சூதாட்டச் சட்டத்தை இதற்கு நீட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: பிளேஸ்டேஷனில் சேமித்து வைத்திருக்கிற கார்டை எடுத்துவிடு, தேவையானபோது கிஃப்ட் கார்டு போடு, அதுவே வரம்பாக இருக்கும். கூகுள் பிளேயில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வை, மாத பட்ஜெட்டும் அங்கேயே போடலாம். மாதச் சந்தா மாதிரி தானாகப் புதுப்பிக்கிற எதற்கும் முதல் தடவை ஓடிபி கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த தடவை ஓடிபி கேட்காது. முந்தைய நாள் வங்கியில் இருந்து வருகிற மெசேஜைப் பார்த்து நிறுத்தினால்தான் உண்டு. எஃப்சிக்குள்ளேயே பிளேடைம் என்று ஒரு வசதி இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை மேட்ச், எத்தனை பேக், எவ்வளவு பாயின்ட் என்று பூட்டிவைக்கலாம். அடுத்த வருஷ ஆட்டத்தை முதல் நாளே முழு விலைக்கு வாங்காதே. எஃப்சி 24ஐ 2024 மே மாதமும், 2கே25ஐ 2025 ஜூனிலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்குக் கூடுதல் காசில்லாமல் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று ராத்திரி அவசரத்தில் வாங்கியதாகச் சொன்ன இஃபுட்பால் காயின் இன்னும் செலவாகாமல் இருக்கிறதா? இருந்தால் தொடாதே. கூகுள் பிளே இணையதளத்தில் ஆர்டர் ஹிஸ்டரிக்குப் போய் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேள். அது தாண்டிவிட்டால் ஆட்டக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டியிருக்கும், அங்கே இழுத்தடிப்பார்கள். ஆர்டர் எண் தெரியும்படி பில்லை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு, ரீஃபண்டுக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா