காய்கறிப் பயிர் மேம்பாட்டு ஆராய்ச்சிக்குப் பத்தாண்டுத் தொடர் நிதி கோரி மனு

அனுப்புநர்:
காய்கறிப் பயிர்ப் பெருக்கம், மரபியல் பிரிவு ஆராய்ச்சியாளர்கள்

பெறுநர்:
வேளாண்மைத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: புதிய காய்கறி ரகங்கள் உருவாக்கத் தொடர் நிதி வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஆராய்ச்சிக்கு மூன்றாண்டுத் திட்டங்களாகவே நிதி வருகிறது. முதல் கலப்பிலிருந்து ஒரு ரகம் விவசாயியின் கைக்குப் போய்ச் சேர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகின்றன. பாதி வேலைகள் விதைப் பொட்டலத்தோடு நின்றுபோவது இதனால்தான்.

தக்காளியையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் இளம் செடியைத் தாக்கினால் மகசூல் அநேகமாக இல்லை. அதைத் தாங்கும் முக்கிய மரபணுக்கள் சொலானம் சிலென்ஸ் போன்ற காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து வந்தவை. காட்டினத்தோடு கலக்கும்போது எதிர்ப்புத் திறனுடன் சிறுத்த காய் போன்ற வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வரும். பிறந்த செடிகளை அதே நல்ல ரகத்துடன் திரும்பத் திரும்பக் கலந்துதான், அதாவது பின்கலப்பு செய்துதான், அவற்றைக் கழிக்க முடியும். மூன்றாம் பின்கலப்பில் நல்ல ரகத்தின் மரபுக்கூறு சராசரியாக 93.75 சதவீதம் திரும்புகிறது. ஆறாவதில் 99-ஐத் தாண்டும். வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் மரபணு அடையாளக்குறிகளை வைத்து நாற்றிலேயே தேர்ந்தெடுத்தால் சில தலைமுறைகள் மிச்சமாகும். பல பருவ வயல் சோதனையை மட்டும் எதனாலும் சுருக்க முடியாது.

முன்பு கிடைத்த வெற்றியும் நிரந்தரமில்லை. வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்கும் மி-1 மரபணு, 1940-களில் காட்டுத் தக்காளியிலிருந்து பெரும்பாடுபட்டுக் கொண்டுவரப்பட்டது. மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது. வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் மாற்று மரபணுக்களைத் தேடும் பணியை இப்போதே தொடங்கியாக வேண்டும்.

கடந்த திட்டம் முடிந்தபோது களப்பணியாளர்கள் விடுவிக்கப்பட்டனர். பின்கலப்புச் செடிகள் வலைக்கூடத்தில் பூத்து நின்றன; கலப்பு செய்ய ஆளில்லை. மறுநாள் மலரவிருக்கும் மொட்டைப் பிரித்து, சூலகம் சிதையாமல் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுப்பது பல பருவம் பழகிய கைக்கே வரும். அந்தக் கைகளைப் புதிய திட்டம் வந்த பிறகு தேடிப் பிடிக்க முடிவதில்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய வேதனை.

ஆகவே, மூன்றாண்டுக்கு ஒருமுறை பணி முன்னேற்றத்தை மதிப்பிடுவது என்ற நிபந்தனையுடன் பத்தாண்டு நிதி உறுதி வழங்குமாறும், கலப்புப் பணியில் தேர்ந்த களப்பணியாளர்களை நிரந்தரப்படுத்துமாறும் வேண்டுகிறோம். சேமிப்பிலுள்ள விதைகளைப் புதுப்பிக்கத் தனி ஒதுக்கீடும் தேவை. சாதாரண அறையில் வைத்த வெங்காய விதை ஓரிரு ஆண்டிலேயே முளைப்புத்திறனை இழக்கும் என்பதால், இந்த ஒதுக்கீட்டை முதலில் பரிசீலிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆராய்ச்சியாளர்கள்